டான்சில் ஆபரேஷன்: எடுப்பதா, பொறுப்பதா? முழுசா, பாதியா? கத்தியா, கோப்ளேஷனா?

டான்சில் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "லேசரா, கத்தியா?" என்பதுதான். என் பார்வையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எதற்காக எடுக்கிறோம் என்பது முதல் கேள்வி. முழுவதும் எடுக்க வேண்டுமா என்பது இரண்டாவது. இவை இரண்டும் தெளிவானால் கருவியைப் பற்றி அவ்வளவு மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியிருக்காது.

"சதை பெரிசா இருக்கு" என்பது மட்டும் காரணமாகாது. சிறு பிள்ளைகளுக்கு டான்சில் பெரிதாக இருப்பது இயல்பு. வளர வளரச் சுருங்கும். 1934-ல் வெளியான ஓர் அமெரிக்க அறிக்கை இதில் நல்ல பாடம். நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகியிருந்தது. மீதி 389 பேரைப் பார்த்த டாக்டர்கள் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்களில் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மிஞ்சிய 116 பேரை மறுபடியும் காட்டியபோது 51 பேருக்கு ஆபரேஷன் என்றார்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து மட்டும் முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் இன்று இரண்டு உறுதியான காரணங்களைத் தேடுகிறார்கள்: திரும்பத் திரும்ப வரும் தொற்று, தூக்கத்தில் மூச்சுத் தடை. இரண்டுக்கும் கணக்கு வேறு வேறு.

தொற்றுக்காக என்றால்: எடுப்பதா, பொறுப்பதா?

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. கடந்த ஓராண்டில் 7 முறை, அல்லது 2 ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முறை தொண்டைத் தொற்று வந்திருக்க வேண்டும். சாதாரண சளியோடு வரும் தொண்டை வலி இதில் சேராது. ஒவ்வொரு முறையும் 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் (ஏறத்தாழ 101 ஃபாரன்ஹீட்), கழுத்தில் நெறி கட்டுதல், டான்சில் மேல் சீழ்ப்படலம், ஸ்ட்ரெப் (தொண்டையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) பரிசோதனையில் கிருமி உறுதி என்று இவற்றில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

இது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழு நடத்தி 1984-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தொற்று தெளிவாகக் குறைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்யாத பிள்ளைகளில் பலருக்கும் காலப்போக்கில் தானாகவே குறைந்தது. இந்த இரண்டாவது முடிவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த அளவுகோலைத் தொடாத பிள்ளைக்கு ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதே சரி என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருள் இல்லை. ஒரு நோட்டில் தேதி, காய்ச்சல் அளவு, பள்ளி விடுப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள், மருந்துச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். "அடிக்கடி வருது டாக்டர்" என்பதைவிட அந்த நோட்டு பத்து மடங்கு உதவும். தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஸ்ட்ரெப் என்று தெரிந்து ஆன்டிபயாடிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நடுவில் நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பயமும் உண்டு: ஸ்ட்ரெப் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், அதனால் இதய வால்வு கெடுவது. நியாயமான பயம்தான். ஆனால் ஒரு முறை அது வந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி. டான்சிலை எடுத்துவிட்டோம், இனி ஊசி வேண்டாம் என்று யாரும் நிறுத்திவிடக் கூடாது.

பெரியவர்களுக்கு ஆதாரம் கொஞ்சம் தெளிவாகவே எடுப்பதன் பக்கம் சாய்கிறது. பிரிட்டனில் 453 பேரை வைத்து நடந்த நட்டினா ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலி இருந்த நாட்களின் இடைநிலை அளவு, உடனே எடுத்தவர்களுக்கு 23, காத்திருந்தவர்களுக்கு 30. ஆபரேஷனுக்குப் பிறகான வலி நாட்களையும் சேர்த்த கணக்கு இது. மறுபக்கம், எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. அந்த எண்ணையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் நேர்மை.

இந்தப் பொறுமையெல்லாம் ஓர் இடத்தில் பொருந்தாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கிக்கொண்டே போனால் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய, அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வரலாம்.

மூச்சுக்காக என்றால்

தினமும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, வாயைத் திறந்து கழுத்தை அண்ணாந்து தூங்குவது, நின்றுபோன படுக்கை ஈரம் மறுபடி தொடங்குவது, பகலில் எரிச்சல். இவை இருந்தால் தொற்று எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை தேவையில்லை. பிள்ளை தூங்குவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை எழுதுவார். இங்கே பெரும்பாலும் டான்சிலோடு மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் சேர்ந்தே எடுக்கப்படும்.

இதில் எடுப்பதையும் காத்திருப்பதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது 2013-ல் வெளியான சாட் ஆய்வு. 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகள், ஏழு மாதம். எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க மூச்சு இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பானது! கவனத்தை அளக்கும் சோதனையில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தையிலும் அன்றாட வாழ்க்கைத் தரத்திலும் எடுத்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். லேசான தடை உள்ள பிள்ளைக்குச் சில மாதம் மூக்கு ஸ்பிரேயோடு காத்திருக்கலாம். இரவில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையை, "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லி வைத்திருக்க எனக்கு மனம் வராது.

முழுசா, பாதியா?

டான்சிலைச் சுற்றி, ஆரஞ்சுச் சுளையின் தோல்போல மெல்லிய உறை ஒன்று உண்டு. பழைய முறையில் அந்த உறையோடு முழுவதும் எடுப்பார்கள். அடியில் இருக்கும் தசை வெளியே தெரியும். பாதி முறையில் சதையைச் சுரண்டிக் குறைத்து, உறையை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கை விட்டுவிடுவார்கள். தசை மூடியே இருப்பதால் வலி குறைவு, ரத்தக்கசிவு குறைவு, பிள்ளை சீக்கிரம் சாப்பிடத் தொடங்கும். ஸ்வீடனில் மூச்சுத் தடைக்காக இந்த முறையை நிறையச் செய்கிறார்கள். குறை என்னவென்றால், மீந்த சதை சிலருக்கு மறுபடி வளரும், குறிப்பாக மிகச் சிறிய பிள்ளைகளுக்கு. அப்போது இரண்டாம் ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

மூச்சுத் தடைக்கு, டாக்டருக்குப் பழக்கம் இருந்தால், பாதி முறையையே நான் முதலில் கேட்பேன். அடிக்கடி சீழ் பிடிக்கும் டான்சிலுக்கு முழு முறைதான் வழக்கம்.

கருவி

மூன்று முறைகள் இங்கே புழக்கத்தில் அதிகம். மூன்றுக்கும் முழு மயக்கம், வாய்வழியே செய்வது, வெளியே தழும்பில்லை என்பதெல்லாம் பொது.

சாதாரணக் கருவிகளால் பிரித்தெடுத்து, ரத்தக்குழாயை நூலால் கட்டும் பழைய முறையில் ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் சற்று அதிகம் போகும், நேரமும் ஆகும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் வரும் ரத்தக்கசிவு இதில்தான் குறைவு. மின்சூட்டால் வெட்டும் டயாதெர்மியில் ஆபரேஷன் வேகமாகவும் ரத்தமின்றியும் முடியும். பின்னால் வலியும் கசிவும் கூடும். பிரிட்டனில் 2003-04-ல் 33,921 நோயாளிகளைத் தொடர்ந்த தேசியத் தணிக்கையில் மொத்தமாக 3.5 சதவீதம் பேருக்குக் கசிவு வந்தது. சூடான முறைகளில் அது கூடுதலாக இருந்தது.

கோப்ளேஷன், உப்புநீர் வழியாக ரேடியோ அலையைச் செலுத்திச் சதையைக் கரைப்பது. சூடு 40 முதல் 70 டிகிரி வரைதான். விளம்பரங்களில் "வலியே இல்லை" என்று வருவது இதைப் பற்றித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வு பார்த்தவரை, வலியில் வித்தியாசம் சிறியது, ஆதாரமும் பலவீனமானது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் அதன் முனைக் கருவி பில்லைக் கூட்டும். பாதி முறைக்கு அது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழைய முறையில் நாள்தோறும் செய்துவரும் டாக்டரின் கையை நான் தயங்காமல் நம்புவேன்.

வீட்டுக்கு வந்தபின்

எடுத்த இடத்தில் வெள்ளைப் படலம் படியும். அது சீழ் அல்ல. காது வலிக்கும்; இரண்டு இடத்துக்கும் பொதுவான நரம்பால் வருவது அது. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பத்து நாள், பெரியவர்களுக்கு இரண்டு வாரம் வரை வலி இருக்கும். பாரசிட்டமாலை வலி வந்தபின் தேடாமல் நேரப்படி கொடுக்க வேண்டும். கோடீன், டிரமடால் பிள்ளைகளுக்குக் கூடாது. மூச்சை அடக்கிவிடும் ஆபத்தால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே தடை சொன்ன மருந்துகள் அவை. மோரில் கரைத்த சாதம், இட்லி, இளநீர், ஐஸ்கிரீம் எல்லாம் சரி. விழுங்க விழுங்கத்தான் தொண்டை தளரும், அதனால் பட்டினி போடாதீர்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை படலம் உதிரும் நேரம். ரத்தக்கசிவு அப்போதுதான் அதிகம் வரும். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணமோ திருவிழாவோ வேண்டாம்; ஆபரேஷன் செய்த ஊரிலிருந்து வீடு தூரமென்றால் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்குவதுபோல இருந்தாலோ, தானாக நின்றுவிட்டதே என்று விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.