இடுப்பு பெல்ட்: நான்கு மாதம் கட்டிப் பார்த்த பிறகு

மன்னார்குடியில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். சிப்பம் 26 கிலோ; நாளுக்கு முப்பது நாற்பது சிப்பம் கை மாறும். போன தை மாதம் அடி வரிசைச் சிப்பத்தைக் குனிந்து இழுத்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாள் செருப்பு மாட்டக்கூட முடியவில்லை. நடமாட ஆரம்பித்ததும் மருந்துக் கடையில் 750 ரூபாய்க்கு இந்த பெல்ட்டை வாங்கினேன்.

நன்றாகவே தைத்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் நான்கு தகடுகள், முன்னால் அகலமான ஒட்டுப்பட்டை. கட்டியதும் யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி தெம்பு வருகிறது. ஆனால் சாக்குப் பிசிறும் தவிட்டுத் தூசியும் ஏறி, ஒட்டுப்பட்டை இரண்டே மாதத்தில் பிடிப்பு விட்டுவிட்டது. சித்திரை வெயிலில் உள்ளே வேர்க்குரு வேறு.

அந்தத் தெம்பை நம்பி முன்போலவே குனிந்து தூக்கினேன். வலி திரும்பி வந்தது. பிசியோதெரபி பார்க்கும் தம்பி கடைக்கே வந்தார். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் 5 கிலோ எடைக்கல்லை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். அப்புறம் கல்லோடு கையை முன்னால் நீட்டச் சொன்னார். முதுகெலும்பை ஒட்டிய தசை முறுக்கிய கயிறு மாதிரி விறைத்தது விரலுக்கே தெரிந்தது.

"வெள்ளிக்கோல் பார்த்திருக்கீங்களாண்ணே, அதே கணக்குதான்" என்றார். நீளத் தண்டில் தூரத்தில் தொங்கும் சின்னக் கல், பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய எடையைத் தாங்குமே, அந்தப் பழைய தராசுதான். தசை, எலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னாலிருந்து இழுக்கிறது. சிப்பம் அரை மீட்டர் முன்னால் இருந்தால் அதன் எடையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு இழுக்க வேண்டும். அத்தனையும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வைத்தான் நசுக்கும். 1999இல் ஜெர்மனியில் ஒருவரின் ஜவ்வுக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1.

இப்போது சிப்பங்களை இரண்டடி உயர பெஞ்சில் அடுக்குகிறேன். சிப்பத்தின் மூலைக் காதைப் பிடித்து முதலில் தொடையோடு இழுத்துக்கொண்டு, பிறகுதான் எழுகிறேன். திரும்ப வேண்டுமென்றால் காலை எடுத்து வைத்துத் திரும்புகிறேன்.

பெல்ட்டை வலி இருக்கும் நாளில் மட்டும் கட்டுகிறேன். குனிந்தால் மேல் விளிம்பு விலாவில் குத்தி நிறுத்துகிறது, அது நிஜமாகவே உதவி. இடுப்பு நன்றாக இருப்பவர்கள் முன்னெச்சரிக்கைக்கென்று வாங்க வேண்டாம். அதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இலேயே சொல்லிவிட்டது. வாங்குபவர்கள் பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், தொப்புளைச் சுற்றி அளந்து சொல்லுங்கள். 5க்கு 3 தருகிறேன்.