மூணு பொண்ணுங்க, மூணு அவார்டு, எதை முதல்ல படிக்கிறது?

அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, பர்த்டேக்கு என்னடி வேணும்னு கேட்டா "சித்தி ஒரு புக் வாங்கிக் குடுங்க, ஆனா மந்திரம் மாயம் எல்லாம் வேணாம், அலுத்துப்போச்சு"ன்னுட்டா. என் அலமாரில அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களோட முதல் நாவல் மூணு இருக்கு, மூணுலயும் ஹீரோயின் பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணு, மூணுமே அவார்டு வாங்கினது. எதைக் குடுக்கலாம்னு யோசிச்சு யோசிச்சு கடைசில மூணையும் நானே திரும்பப் படிச்சு முடிச்சேன்.

அட்டைல வட்டமா ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை வெச்சு முடிவு பண்ணலாம்னா அது ஆகாது, ஏன்னா மூணும் வேற வேற பரிசு. ஆஞ்சி தாமஸோட 'தி ஹேட் யூ கிவ்' 2018ல மோரிஸ் அவார்டு வாங்கிச்சு, அது டீனேஜ் பசங்களுக்கு முதல் புத்தகம் எழுதுறவங்களுக்கு மட்டும். ட்ரேசி டியோனோட 'லெஜண்ட்பார்ன்' 2021ல வாங்கினது ஜான் ஸ்டெப்டோ பேர்ல இருக்கிற அவார்டு, அது கறுப்பின எழுத்தாளர், ஓவியர்களுக்குன்னே இருக்கிற கொரெட்டா ஸ்காட் கிங் விருதுகளோட சேர்ந்தது, புதுசா வர்ற கறுப்பின எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் குடுக்கிறது, மூணு புத்தகத்துக்கு மேல வெளிவந்திருந்தா கிடையாது. (ஸ்டெப்டோ படப் புத்தகம் போட்டவர், 1989ல வெறும் 38 வயசுல போயிட்டார்.) எலிசபெத் அசெவேடோவோட 'தி பொயட் எக்ஸ்' கதையே வேற, 2018ல நேஷனல் புக் அவார்டு, 2019ல டீனேஜ் புத்தகத்துக்குக் குடுக்கிற பிரின்ட்ஸ் அவார்டு, அதே வருஷம் பிரிட்டன்ல சின்னப் பசங்க புத்தகத்துக்கான கார்னகி மெடல். இதுல பிரின்ட்ஸ் எல்லாம் புதுசு பழசு பாக்காது, முப்பது புக் எழுதினவங்களும் அதே வரிசைலதான் நிக்கணும்.

சரி, கதைக்கு வருவோம்.

'ஹேட் யூ கிவ்'ல ஸ்டார்னு ஒரு பொண்ணு, வீடு கறுப்பின மக்கள் இருக்கிற ஏழைப் பேட்டைல, ஸ்கூல் மட்டும் பணக்கார வெள்ளைக்காரப் பசங்க படிக்கிற பிரைவேட் ஸ்கூல். சின்ன வயசு ஃபிரெண்டு கலீல் கார் ஓட்டிட்டு வர்றான், போலீஸ் நிறுத்துது, இவ கண்ணு முன்னாடியே அவனைச் சுட்டுடுறாங்க. கைல துப்பாக்கி எல்லாம் ஒண்ணும் கிடையாது, கார் கதவுல இருந்த ஹேர் பிரஷ்ஷை துப்பாக்கின்னு நெனச்சேன்னு சொல்றான் அந்த போலீஸ்காரன். கலீல் கடைசியா பண்ணினது என்ன தெரியுமா, பயந்து உக்காந்திருக்கிறவகிட்ட "ஒண்ணுமில்லயே"ன்னு கேக்கறதுக்காகக் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். 2009ல கலிபோர்னியா ஓக்லண்ட்ல ஆஸ்கர் கிராண்ட்னு ஒரு பையனைப் போலீஸ் சுட்டப்போ காலேஜ்ல இருந்த தாமஸ் எழுதின சிறுகதைதான் அப்புறம் இந்த நாவலா வளர்ந்தது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது துப்பாக்கிச் சூடு இல்ல, ஸ்கூல் சீனுங்க. ஸ்டார் ஸ்கூலுக்குள்ள நுழைஞ்சதும் பேச்சையே மாத்திக்கிறா, தன் தெருவோட ஸ்லாங் ஒரு வார்த்தை வாயில வராது, ஏன்னா அதே வார்த்தையை வெள்ளைக்காரப் பசங்க சொன்னா ஸ்டைலு, இவ சொன்னா சேரிக்காரி. வீட்ல ஒரு பேச்சு வெளில ஒரு பேச்சுன்னு வளர்ந்த எவனுக்கும் இது சுருக்குன்னு படும். குறைன்னா, நானூறு பக்கத்தைத் தாண்டுது, எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிடுது, நாமளா புரிஞ்சுக்க மிச்சம் வைக்கல. அமெரிக்க லைப்ரரிகள்ல இதைத் தூக்கச் சொல்லி பல வருஷம் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, படிச்சுட்டு வந்த கம்ப்ளெயின்டான்னு எனக்குச் சந்தேகம்தான்.

'லெஜண்ட்பார்ன்' மந்திரக் கதை, அதனால அக்கா பொண்ணு லிஸ்ட்ல முதல்லயே அடிபட்டுப் போச்சு, ஆனா பாவம் அது. பிரீன்னு பொண்ணு, அம்மா ஆக்ஸிடென்ட்ல போயிட்டாங்க, வட கரோலினா யூனிவர்சிட்டில ஸ்கூல் பசங்களுக்கான ப்ரோகிராம்ல வந்து சேர்றா, அங்க பழைய பிரிட்டிஷ் கதைகள்ல வர்ற ஆர்தர் ராஜாவோட வீரர்கள் வம்சம்னு சொல்லிக்கிற ஒரு ரகசிய கும்பல். அந்தப் பசங்க ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குத் தன் தாத்தன் பேரை வரிசையா ஒப்பிக்கிறானுங்க, இவளுக்கோ சில தலைமுறைக்கு மேல போக வழியே இல்ல, ஏன்னா அடிமையா வித்தவங்களுக்கு யாரு வம்சாவளி எழுதி வெச்சா? இந்த ஒரு யோசனைக்காகவே அவார்டு குடுக்கலாம். ஆனா சடங்கு, பதவி, பட்டப்பேருன்னு முதல் நூறு பக்கம் தலை சுத்தும், ரெண்டு பசங்களுக்கு நடுவுல பிரீ தவிக்கிறதை வேற தாங்கிக்கணும். மொத்தம் ஐந்நூறு பக்கம் கிட்ட, அதோட முடியாது, அடுத்த பாகங்களும் இருக்கு.

இப்போ 'பொயட் எக்ஸ்'. கதைன்னு பாத்தா மூணுலயும் சின்னது இதுதான். நியூயார்க் ஹார்லெம்ல, டொமினிக்கன் ரிபப்ளிக்ல இருந்து வந்த குடும்பம், சியோமாரான்னு பொண்ணு, அம்மா சர்ச்சே கதின்னு இருக்கிறவங்க, பொண்ணு நோட்டுல ரகசியமா கவிதை எழுதுறா. யாரும் சாகல, போராட்டம் இல்ல. முழு நாவலும் கவிதையாவே இருக்கு, சில பக்கத்துல நாலு வரி, ஒரே ராத்திரில முடிஞ்சுடும்.

நடுநடுவுல ஸ்கூல் அசைன்மென்ட் வரும். முதல்ல மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டி ஒரு டிராஃப்ட் எழுதுவா, அடுத்த பக்கத்துல டீச்சர்கிட்ட நிஜமா குடுத்தது இருக்கும், சப்புன்னு, யாருக்கும் வலிக்காத மாதிரி. ஸ்டார் பேச்சை மாத்திக்கிறதைத் தாமஸ் நமக்குச் சொல்றாங்க, அசெவேடோ ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம நகர்ந்துடறாங்க. ஒரு பையனுக்கு முத்தம் குடுத்தது தெரிஞ்சதும் அம்மா இவளை அரிசி மேல முட்டி போட வைப்பாங்க, ஸ்கூல்ல வெயில்ல முட்டி போட்டவங்களுக்கு இந்தப் பக்கம் லேசுல போகாது. அப்புறம் ஒரு நாள் அந்த நோட்டு அம்மா கைல சிக்குது, நெருப்பு வெச்சுடறாங்க. அம்மா சத்தமா ஜெபம் சொல்றாங்க, பொண்ணு எரியுற கவிதைகளை மனப்பாடமா அதே சத்தத்துல சொல்றா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

குறை இல்லாம இல்ல, கடைசில எல்லாம் கொஞ்சம் சீக்கிரமா சரியாயிடுது, சர்ச் ஃபாதர் வந்து பேசினதும் வீடே மாறிடுமான்னு எனக்குத் தோணிச்சு. இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான். நடப்பு அரசியல் புரியணும், கோவம் வரணும்னா 'ஹேட் யூ கிவ்' முதல்ல எடுங்க. தடிமனா ஒரு சீரீஸ்ல ரெண்டு வாரம் விழுந்து கிடக்கணும்னா 'லெஜண்ட்பார்ன்'.

'பொயட் எக்ஸ்' மட்டும் முடிஞ்சா ஆடியோல கேளுங்க, அசெவேடோவே படிச்சிருக்காங்க, மேடைல கவிதை சொல்லி ஜெயிச்சவங்க அவங்க, மூச்சு எங்க நிக்கணும்னு தெரியும். நான் புக்கை பேக் பண்ணி வெச்சுட்டேன், ஆடியோவை அக்காவுக்கு அனுப்பலாமான்னுதான் ரெண்டு நாளா யோசனை, அவளும் போன மாசம் பொண்ணோட டைரியை எடுத்துப் படிச்சவதான்.