மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர்: இலிச்சின் அளவுகோலில் எது தேறும்?

1970களில், தொழில்நுட்பத்தை விமர்சித்த சிந்தனையாளர் இவான் இலிச் காரை வேறு விதமாக அளந்தார். ஒரு சராசரி அமெரிக்கர் காரில் செலவிடும் நேரத்தோடு, பார்க்கிங், தவணை, இன்ஷூரன்ஸ், அபராதம் எல்லாம் கட்டச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டினார். ஆண்டுக்கு 1600 மணி நேரம் வந்தது. அதற்குக் கிடைத்த பயணம் 7500 மைல். மணிக்கு ஏழரை கிலோமீட்டர்தான், சைக்கிளே முந்திவிடும்.

இந்தக் கணக்கை, பல சர்வர்களில் பரவியிருக்கும்படி கட்டப்பட்ட சமூக வலைகளான மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் மூன்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். எத்தனை சர்வர், யாருடைய நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகள்) என்பதை இலிச் கேட்டிருக்க மாட்டார். கிளம்பும்போது எதை எடுத்துப் போகலாம், பழுதானால் நிபுணரைக் கூப்பிடாமல் சமாளிக்க முடியுமா என்றுதான் கேட்டிருப்பார். 1973ல் பெர்க்லியின் இசைத்தட்டுக் கடையில் கணினியோடு இணைந்த டெலிடைப் தட்டச்சுக் கருவியை வைத்துப் பொது அறிவிப்புப் பலகை நடத்தியவர்களில் ஒருவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். இலிச் சொன்ன ரேடியோ உதாரணத்தை அவர் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்: மத்திய அமெரிக்கக் கிராமங்களுக்கு ரேடியோ வந்து இரண்டே ஆண்டில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்களாம்.

மூன்றுக்கும் முன்னால் மின்னஞ்சலைப் பார்த்துவிடுவது நல்லது. மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி 1982 முதல் எல்லோருக்கும் திறந்த நெறிமுறை. இன்று நீங்களே ஒரு மெயில் சர்வர் வைத்துப் பாருங்கள். வாடகைச் சர்வரில் மெயில் போகும் வழியான 25ஆம் போர்ட் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், சர்வர் நிறுவனத்துக்கு டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டும். ஐபி முகவரியிலிருந்து டொமைனுக்குத் திரும்பும் பிடிஆர் பதிவு பொருந்த வேண்டும். கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், அந்த ஐபியில் முன்பு குடியிருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் உங்கள் கடிதமும் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும். சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் வடிகட்டிக்கு ஏற்றபடி நடக்காமல் வழியில்லை. கார் வந்த ஊரில் நடப்பவருக்குச் சாலை இல்லாமல் போவதை இலிச் வேரோடிய ஏகபோகம் என்றார். இங்கே நடந்திருப்பதும் அதுதான். மாஸ்டடானோ புளூஸ்கை சர்வரோ வைத்தால், கணக்கு சரிபார்க்க அவையும் மெயில் அனுப்பியாக வேண்டும். கடைசியில் ஒரு மெயில் நிறுவனத்திடம் பணம் கட்டித்தான் தொடங்குவீர்கள்.

மாஸ்டடான் 2016ல் வந்தது. அதன் சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018ல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. இங்கே உங்கள் அடையாளம் சர்வரின் பெயரோடு ஒட்டியது. இடம் மாற வேண்டுமானால் முதலில் புதிய கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து புதிய முகவரியைக் கொடுத்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் நடக்காது. ஃபாலோயர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள். பதிவுகள் வராது. நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க் எல்லாம் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து நீங்களே ஏற்ற வேண்டியவை. பழைய கணக்கிலிருந்து மறுபடி இடம் மாற 30 நாள் பொறுக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், இத்தனைக்கும் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அட்மின் ஒரு நாள் சொல்லாமல் நிறுத்திவிட்டால் ஃபாலோயர் பட்டியலைக் கோப்பாக வைத்திருந்தும் பயனில்லை. ஃபாலோயர்களை இறக்குமதி செய்ய வழியே கிடையாது. மாஸ்டடானின் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் மூடுவதற்கு 3 மாதம் முன்பே சொல்வதாக உறுதி தருகின்றன. உங்கள் சர்வர் அந்தப் பட்டியலில் உண்டா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள்.

சொந்தமாக நடத்தினால்? ரூபி நிரல், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், தற்காலிகத் தரவுக்கு ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கு சைட்கிக் எனப் பல பாகங்கள். முதலில் நிரம்புவது டிஸ்க். உங்கள் பயனர்கள் பத்துப் பேராக இருந்தாலும், அவர்கள் பின்தொடரும் ஆயிரம் பேரின் படங்களும் உங்கள் சர்வரில் தற்காலிகப் பிரதியாகச் சேர்கின்றன. இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்ற அமைப்பை முதல் நாளே இயக்காவிட்டால் சில மாதங்களில் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நிற்கும். நிறுவும்போது கொடுக்கும் டொமைனையும் யோசித்துக் கொடுங்கள், பிறகு மாற்ற முடியாது. இருந்தாலும் ரேடியோ சோதனையில் ஓரளவு தேறுவது இதுதான். லினக்ஸ் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும். அந்த ஒருவர் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

புளூஸ்கை வெளியேறும் உரிமையை மனதில் வைத்தே கட்டப்பட்டது. உங்கள் பதிவுகள் பிடிஎஸ் என்ற பெட்டகத்தில் இருக்கும், ரிலே எல்லாவற்றையும் திரட்டும், ஆப்வியூ அட்டவணை போட்டுக் காட்டும். ஃபாலோயர்கள் உங்கள் பெயரை அல்ல, டிஐடி என்ற மாறாத அடையாளக் குறியைத்தான் பின்தொடர்கிறார்கள். அதனால் பெட்டகம் மாறினாலும் பதிவு, ஃபாலோயர் இரண்டுமே கூடவே வரும். சொந்தப் பெட்டகத்துக்கு 1 கோர், 1 ஜிபி ராம், 20 ஜிபி எஸ்எஸ்டி போதும். 20 பேர் வரை தாங்கும் என்பது அவர்களே தரும் அளவு. சொந்த டொமைனையே ஹேண்டிலாக (பயனர் பெயராக) வைக்க, டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டில் ஒரே ஒரு டிஎக்ஸ்டி வரி சேர்த்தால் ஆயிற்று. 300 எழுத்து வரம்பில் ‘கொ’ ஒன்றாகவே எண்ணப்படுவது தமிழுக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் வீட்டுச் சாவி யாரிடம்? டிஐடியை மாற்றும் சாவி, நீங்கள் எதுவும் செய்யாதவரை, நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். உங்கள் சொந்த மீட்புச் சாவியை அதற்கும் மேலே முன்னுரிமையில் சேர்த்தால், பிறகு நிறுவனத்தின் சாவியால் யாரேனும் கணக்கைத் தம் பக்கம் திருப்பினாலும் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதைச் சேர்க்கக் கமாண்ட் லைன் தெரிய வேண்டும் என்பதால் பெரும்பாலோர் செய்வதில்லை. நேரடிச் செய்திகள் உங்கள் பெட்டகத்தில் கிடையாது, அவை நிறுவனத்தின் சேவையில் இருக்கின்றன. முழு வலையையும் அட்டவணையிடும் ஆப்வியூவைச் சின்ன வாடகைச் சர்வரில் ஓட்டுவது நடக்காத காரியம். பெட்டி படுக்கையோடு கிளம்பலாம், போய்ச் சேர இன்னொரு ஊர் பெரிதாக இல்லை.

நாஸ்டரில் கிளம்பும் பேச்சே இல்லை. 32 பைட் ரகசியச் சாவி ஒன்று, அதுதான் நீங்கள். அந்தச் சாவியால் பதிவில் கையெழுத்திட்டு, இங்கே ரிலே எனப்படும் சர்வர்கள் நாலைந்துக்கு அனுப்புகிறீர்கள். ஒன்று மூடினால் மற்றொன்று. மெயிலும் வேண்டாம், டொமைனும் வேண்டாம். சாவி தொலைந்தால் கணக்கு போயிற்று. கசிந்தால் இன்னும் மோசம், மாற்றுச் சாவி என்ற ஏற்பாடே அடிப்படை நெறிமுறையில் கிடையாது. அழிப்பதும் வெறும் வேண்டுகோள்தான், ரிலே கேட்காமலும் போகலாம். பயன்படுத்துவதானால் சாவியை எந்த வலைத்தளத்திலும் ஒட்டாமல், கையெழுத்திடும் பிரவுசர் நீட்சி ஒன்றில் வைத்து, காகிதத்தில் ஒரு பிரதியும் எழுதி வையுங்கள். ஒரு பொருளோ சேவையோ பயன்பட, பயனர் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலையை இலிச் நிழலுழைப்பு என்றார். அரசுக்குப் பயந்து எழுதும் பத்திரிகையாளருக்கு அந்த உழைப்பு தகும். பள்ளி நண்பர்கள் குழுவுக்குத் தகாது.

தனியாக எழுதுபவருக்கு என் தேர்வு சொந்த டொமைனோடு புளூஸ்கை, மீட்புச் சாவியைச் சேர்த்த பிறகு. ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கு மாஸ்டடான், குறைந்தது இரண்டு அட்மின்களோடு. டொமைனை மட்டும் அழகு பார்த்து வாங்காதீர்கள். குயர் டாட் ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வர் ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டில் பெயர் வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் கீழ் அந்தப் பெயர் முடக்கப்பட்டது. சர்வரில் ஒரு பழுதும் இல்லை. அதற்குள் இடம் மாறாதவர்களின் முகவரி மட்டும் செத்துப்போயிற்று.