இரவு பேக்கப்புக்கு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்

2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு விற்பனைக்கு வந்த, நிர்வாகி உரிமை தேவைப்படும் வேலைக்கு முன் அனுமதி கேட்கும் யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல் பெட்டி, கணினியின் முன் ஆள் இருக்கும்போது நல்ல காவல்; இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓட வேண்டிய பேக்கப்புக்கோ, ‘ஆம்’ என்று அழுத்த ஆளில்லாததால், அதுவே தாழ்ப்பாள். குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பணியை உருவாக்கும்போதே உச்ச உரிமையுடன் இயக்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டால், அதன்பின் கேள்வி எழுவதில்லை. காவலையே அணைத்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மேப் செய்த டிரைவ் எழுத்து, அதாவது நெட்வொர்க்கிலுள்ள ஃபோல்டருக்கு நாம் சூட்டும் எழுத்து, நாம் லாகின் செய்த அமர்வுக்கு மட்டுமே உரியது. இதை அறியாமல் ஸ்கிரிப்டில் ‘இசட்’ டிரைவ் என்று எழுதிவைத்து, மறுநாள் காலை காலியான ஃபோல்டரைப் பார்த்தபடி நின்றது என் தவறுதான். சர்வர் பெயருடன் முழுப் பாதையைக் கொடுத்ததும் சரியாயிற்று. விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி முடிவில் திருப்பித் தரும் எண்ணும் புதியவரைப் பதறவைக்கும்: 1 என்றால் கோப்புகள் ஒழுங்காக நகலாயின என்று பொருள், 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி ஓட்டத்தின் முடிவைக் காட்டும் நெடுவரிசை இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை.

தொலைவிலுள்ள கணினியில் பணி அமைப்பதுதான் சற்றுத் தொல்லை. நெட்வொர்க்கின் கணினிகளை மையமாக நிர்வகிக்கும் டொமைன் நிர்வாகிக் கணக்கு எனில் தடையில்லை. அந்தக் கணினியில் மட்டும் உள்ள உள்ளூர் நிர்வாகிக் கணக்குகளுக்கோ, நெட்வொர்க் வழியாக வரும்போது, விண்டோஸ் இயல்பாகவே உரிமையைக் குறைத்துவிடுகிறது. விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதைத் தளர்த்தலாம், நான் தளர்த்தவில்லை. நான்கு கணினிகளுக்கும் நேரில் சென்றே அமைத்தேன்.