உப்புவெளிப் பக்கத்துச் சனிக்கிழமைச் சிறுவர் நிலையம்: ஆறு மாத அனுபவம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிப் பக்கத்தில், மனம் நொந்த பிள்ளைகளுக்காக ஊர் மக்களே ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் நடத்தும் சிறுவர் நிலையத்துக்கு என் தங்கையின் மகனை ஆறு மாதங்களாக அழைத்துச் செல்கிறேன். கட்டணம் இல்லை, கிராம அலுவலரின் கடிதமும் கேட்பதில்லை.

பிள்ளைக்கு ஒன்பது வயது. குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து, தாயும் அவனும் நள்ளிரவில் அயல்வீட்டுக்கு ஓடிய நாட்கள் பல. தங்கை வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போன பின் என்னிடம் வந்து சேர்ந்தான். நிலையத்தில் முதல் நாள், செருப்பை வாசலில் கழற்றி வைக்க மறுத்து, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். எவரும் அவனை அதட்டவில்லை, காரணமும் கேட்கவில்லை; அங்கிருந்த அக்கா ஒருவர் தமது பாயையும் களிமண்ணையும் கதவோரத்துக்கே நகர்த்திக்கொண்டு வந்து, பேசாமல் மாடு செய்யத் தொடங்கினார். எட்டாவது வாரம் நான் கூட்டிவரப் போனபோது அவனுடைய நீலச் செருப்பு மற்றப் பிள்ளைகளின் செருப்புகளோடு வெளியே கிடந்தது. பிள்ளையின் வாயைக் கிளற அவசரப்படாத இந்தப் பொறுமைக்காகவே நிலையத்தை மெச்சுகிறேன்.

இப்படிப்பட்ட அணுகுமுறை கிழக்கிற்குப் புதிதன்று. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் நிலையம், தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி, மண்ணையும் வர்ணத்தையும் கதையையும் கொண்டே பணியாற்றியது. இங்குள்ள தொண்டர்களில் ஒருவர், 2006இல் மூதூரிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தாமும் நடந்து வந்த பிள்ளை. பெற்றோர் கூட்டத்தில் அவர்தான் அமெரிக்க ஆய்வொன்றைப் பற்றி விளக்கினார்: 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டறிந்தபோது, அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு போன்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச்சேர, பிற்காலத்தில் மனச்சோர்வு மட்டுமன்றி இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டதாம். பக்கத்திலிருந்த மீன் விற்கும் அம்மா, "அப்ப எங்கட ஊரில யார் தப்பினது, தம்பி?" என்று கேட்டார். அதற்கு அவர், அது விதியன்று, நம்பத்தக்க பெரியவர் ஒருவர் உடனிருந்தாலே பாதிப்புக் குறையும் என்று நிதானமாகப் பதில் சொன்னார்.

குறைகளும் உண்டு. தனியாகப் பேசும் இடத்தை ஒரு திரைச்சீலைதான் பிரிக்கிறது. ஒருவரையொருவர் அறிந்த ஊரில் இது சிறிய விடயமன்று. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நடப்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடிவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு எதுவுமே இல்லை. தரம் 5 வந்ததும் புலமைப்பரிசில் வகுப்புக்கென்று பிள்ளைகளை மறித்துவிடுகிறார்கள். அந்தக் குற்றம் நிலையத்தினுடையதன்று, நம்முடையது.

தங்கள் கைக்கு மீறியதைத் தாங்களே பார்க்க நிலையத்தார் முயல்வதில்லை. தூக்கத்தில் அலறும் பிள்ளையை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். துன்புறுத்தல் என்று தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் ஒன்பது மணிக்கு முன்பே போவது நல்லது, பாய்கள் குறைவு. முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை, நாமும் இருக்கலாம். அதற்கென்று சுவரோரம் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள்.