நல்ல தண்ணிக்கு ஹைப்போ போதுமா, பாட்டில் மருந்துதான் வேணுமா?

எங்க வீடு பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம், கேரளா செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். மாமனார் வீடு கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கம். ரெண்டு வீட்லயும் மீன் தொட்டி இருக்கு, ஆனா தண்ணி ரெண்டும் வேற வேற ஜாதி. எங்களுக்கு குழாய்ல ஆழியாத்து நல்ல தண்ணி, அவருக்கு போர்ல வர்ற உப்புத் தண்ணி. அதனால தொட்டித் தண்ணி மாத்தறப்ப மீனுக்கு ஆகாத குளோரினைப் போக்க எந்த மருந்துங்க நல்லதுன்னு யாராச்சும் கேட்டா, உங்க தண்ணி எங்கிருந்துங்க வருதுன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன்.

போர் தண்ணின்னா குளோரினைப் போக்கற மருந்தே வேண்டாம், இல்லாத குளோரினுக்கு எதுக்குங்க செலவு. மாமா பக்கெட்ல பிடிச்சு காத்துக் குமிழி விடற ஏர் ஸ்டோன் போட்டு ராத்திரி பூரா ஓடவிட்டு காலைலதான் ஊத்துவாரு, பூமிக்கடில இருந்து வர்ற தண்ணில ஆக்சிஜன் கம்மியா கார்பன் டை ஆக்சைடு அதிகமா இருக்கும், காத்து பட்டதும் பிஎச் ஏறும், அந்த ஏத்தம் தொட்டிக்குள்ள நடக்காம பக்கெட்லயே நடந்து முடியட்டும்னு. கப்பியும் மோலியும் அந்தத் தண்ணில குட்டியா போட்டுத் தள்ளுது. நியான் டெட்ராதான் நிக்கல, அதுக்கு உப்பு கம்மியான தண்ணி வேணும். உடனே முழுசா ஆர்ஓ தண்ணிக்கு மாறிடலாம்னு கிளம்புனாரு, நான்தான் தடுத்தேன், அதுல உப்புச் சத்தே இருக்காது, பிஎச் திடீர்னு சரியும், போர் தண்ணியோட கலந்து ஊத்தறதுன்னா சரி. அத்தை வேற, நாம குடிக்கறதுக்கு பதிமுகம் போட்டுக் காய்ச்சற மாதிரி மீனுக்கும் காய்ச்சி ஆறவெச்சு ஊத்தலாமேன்னாங்க. குளோரின் இருந்தா போகும்தான், கூடவே கரைஞ்சிருக்கற ஆக்சிஜனும் போயிரும், 40 லிட்டர் காய்ச்ச கேஸுக்கு எங்க போறது.

என் குழாய்த் தண்ணிக்கு வர்றேன். சும்மா வெச்சு ஊத்தறதுதான் எல்லாரும் சொல்றது. காசில்லாத வழி, வேலையும் செய்யும், ஆனா வாயகலமான பாத்திரத்துல திறந்து வெக்கணும், 24 மணி நேரமாச்சும் ஆகணும், மூடி போட்ட கேன்ல ரெண்டு நாள் வெச்சாலும் நம்ப முடியாது. போன மழைக்காலத்துல அவசரத்துல குழாய்ல வந்ததை அப்படியே டியூப் போட்டு விட்டுட்டேன். மழைல பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கலாதான் போடுவாங்க, நம்ம வயித்துக்காகப் போடறது, அதுல தப்பில்ல, வாசனை வந்தும் நான் கண்டுக்கலங்கறதுதான் தப்பு. கொஞ்ச நேரத்துல எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நின்னுது, விடியறப்ப ஏழு மோலி போச்சு. மிச்சம் தப்பிச்சதுகளுக்கும் நிம்மதி இல்ல, ஃபில்டர்ல அமோனியாவைக் குறைச்சிட்டிருந்த நல்ல பாக்டீரியாவையும் குளோரின் கொன்னதால அந்த வாரம் பூரா அமோனியா ஏறிட்டே இருந்துச்சு.

அப்பறம் ஹைப்போவுக்கு மாறுனேன். சோடியம் தயோசல்பேட், பழைய ஸ்டூடியோக்கள்ல ஃபோட்டோ கழுவ வெச்சிருப்பாங்களே அதே உப்புதான், மீன் கடைல ஆன்டி குளோரின்னு விக்கறதுல பெரும்பாலும் இதுதான் இருக்கும். 100 கிராம் எடுத்து மொத்தம் ஒரு லிட்டர் வர்ற மாதிரி கரைச்சு வெச்சுக்குவேன். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போன்னு தாராளமான கணக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருக்குன்னு வெச்சாலும் 20 லிட்டர் பக்கெட்டுக்கு 3 மில்லி போதும், கலக்கிவிட்டு ரெண்டு நிமிஷம் நின்னா வேலை முடிஞ்சுது. கொஞ்சம் கூடிட்டாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு சொல்லணும், கடைல நீலக்கலர் சொட்டு மருந்தைக் கொடுத்து தண்ணி மருந்துன்னா உஷாரா இருங்க, மெத்திலீன் புளூவா இருந்தா அது பூஞ்சைக்குப் போடறது, குளோரினுக்கு இல்ல, ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆகாது.

சீகெம் பிரைம் மாதிரி பாட்டில் மருந்து 5 மில்லி 200 லிட்டருக்கு வரும், அப்ப பக்கெட்டுக்கு அரை மில்லிதான், விலையைப் பாத்து மிரண்டாலும் ரொம்ப நாள் வரும். திறந்தா அழுகுன முட்டை நாத்தம். இதோட பலம் குளோராமின்ல தெரியும், அது குளோரினும் அமோனியாவும் சேந்தது, ஹைப்போ குளோராமினை உடைச்சு அமோனியாவை அப்படியே தண்ணில விட்டுரும், பிரைம் அந்த அமோனியாவையும் பிடிக்கும்னு கம்பெனி சொல்லுது, பிடிக்குதா இல்லையான்னு மீன்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை. குளோராமினை சும்மா திறந்து வெச்சுப் போக்க முடியாது, அது கலந்த தண்ணி வர்ற ஊர்னா யோசிக்காம பாட்டிலே வாங்கிருங்க. எனக்கு வர்றது பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணி, வாராவாரம் மாத்தறதுக்கு ஹைப்போவே போதும்.

சந்தேகம் வர்ற அன்னிக்கு கொஞ்சம் தண்ணி தனியா எடுத்து, குளோரின் இருக்கான்னு காட்டற ஓடிஓ சொட்டு ரெண்டு விட்டுப் பாப்பேன், மஞ்சளானா குளோரின் இருக்கு. ஹைப்போ போட்டப்பறம் இன்னொரு தடவை பாத்தா நிறமே வராது. பாத்த தண்ணியைத் திரும்பத் தொட்டில ஊத்தாதீங்க, அந்தச் சொட்டு விஷம்.

மாமா வீதிக்கும் சீக்கிரம் குழாய் வரப்போகுதாம். வர்றப்ப ஹைப்போ கால் கிலோ வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளைன்னு நேத்தே ஃபோன் பண்ணிட்டாரு.