தயிரா, டப்பாப் பொடியா, பாக்கெட்டா: பயந்த நாயின் வயிற்றுக்கு எது?

எங்கள் வீட்டு நாய் மிளகுக்குக் கேஸ் சிலிண்டர் என்றால் பயம். தெருமுனையில் டெம்போவை நிறுத்தி முதல் சிலிண்டரைத் தரையில் போடும் அந்த 'டங்' சத்தம் கேட்ட உடனே தையல் மிஷினுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடுவாள். இடி, பட்டாசு என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் குளியலறைக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க அவள் நகம் போட்ட கோடுகள். ஒவ்வொரு முறை பயந்த மறுநாளும் வயிற்றுப்போக்கு தப்பாது.

தெருவிலிருந்து வந்தவள், 14 கிலோ எடை, கறுப்பு. இப்படிப் பயப்படுகிற நாய் அவள் மட்டுமல்ல. 2020இல் ஃபின்லாந்தில் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்குச் சத்தத்தின் மேல் பயம் இருந்தது. எங்கள் கால்நடை மருத்துவர் முதலில் மூட்டையும் பல்லையும் சோதித்தார். எங்காவது வலி இருந்தால் சத்தத்தைப் பற்றிய பயமும் கூடும் என்றார். வலி எதுவும் இல்லை. அதன் பிறகுதான் வயிற்றுப் பக்கம் பேச்சு திரும்பியது. புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள், கொடுத்துப் பார்க்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எதைக் கொடுப்பது என்பதை என்னிடமே விட்டுவிட்டார். ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளைப் பார்த்தேன். நான்காவதை ஓரமாகத் தொட்டேன்.

தயிரை நீளமாகப் பேச வேண்டியதில்லை. நம் ஊரில் நாய்க்குத் தயிர்சாதம் போடாத வீடு ஏது? நாய் விரும்பும், செலவு இல்லை, பாலைவிட லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்பது நேற்றைய உறைமோருக்கே வெளிச்சம். பக்கத்து வீட்டில் உறை வாங்கினால் கூட்டமே மாறிவிடும். பயத்தைக் குறைக்க வேண்டுமென்று ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரைத் தேடுகிறவர்களுக்கு அது பதில் ஆகாது. உணவாகப் போடுங்கள், மருந்தாக நம்ப வேண்டாம்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் கொடுப்பார்களே, பேசில்லஸ் கிளாசியை அடங்கிய சின்னப் பிளாஸ்டிக் குப்பி, அதையும் மருத்துவர் ஓரிரு முறை எழுதிக்கொடுத்தார். இது வித்து வடிவில், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில் இருப்பதால் வெயிலுக்கு அசராது, குளிர்பெட்டி தேவையில்லை. மிளகின் வயிற்றுக்குக் கேட்டது. பயத்துக்கு? அதற்காகக் கொடுக்கவும் இல்லை, அதை எதிர்பார்க்க முகாந்திரமும் இல்லை. மனிதருக்கான மருந்துகளில் ஓர் எச்சரிக்கை மட்டும்: மிட்டாய் போல மெல்லுகிற புரோபயாட்டிக்குகள் சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் இருக்கும். நாய்க்கு அது விஷம். ரத்தத்தில் சர்க்கரை அளவைத் தடாலென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆக, போட்டி என்று சொன்னால் டப்பாவுக்கும் பாக்கெட்டுக்கும்தான்.

டப்பா என்பது இணையத்தில் வாங்கிய பல வகை நுண்ணுயிர்க் கலவைப் பொடி. உள்ளே ஒரு கரண்டி இருக்கும். ஒரு டப்பா இரண்டு மாதத்துக்கு வரும், நாள் கணக்கில் பார்த்தால் விலையும் மலிவு. பாக்கெட் என்பது புரினா நிறுவனத்தின் 'காமிங் கேர்'. ஒரு கிராம் தூள், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக மூடி ஒட்டிய பொட்டலம், பெட்டிக்கு 30. உள்ளே இருப்பது ஒரே ஒரு நுண்ணுயிர்: பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், பிஎல்999 என்ற குறிப்பிட்ட வகை, பொட்டலத்துக்கு 100 கோடி. இதே நிறுவனம் விற்கும் 'ஃபோர்ட்டிஃப்ளோரா'வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் இருப்பது என்டரோகாக்கஸ் ஃபீசியம், வயிற்றுப்போக்குக்கானது. பெட்டியைப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த என் அக்கா 'காமிங் கேர்' இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். பொட்டலம் ஒன்று ஒரு டாலருக்கு மேல் என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

இந்த லாங்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் கதை இருக்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் என்ற நீண்ட நரம்பு ஓடுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் குடல் அழற்சி வந்த எலிகளுக்கு இந்த வகை லாங்கத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எலியை ஒரு சின்ன மேடையில் விட்டு, கீழே இறங்க எவ்வளவு நேரம் தயங்குகிறது என்று அளப்பார்கள். அழற்சி வந்த எலி மேடையிலேயே நிற்கும். லாங்கம் கொடுத்த எலி சீக்கிரம் இறங்கியது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் அந்த மாற்றம் வரவில்லை. தையல் மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே வரத் தயங்கும் ஒரு நாயை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசையைத் தட்டி வைக்கவும் விஷயம் இருக்கிறது. நாய்களில் செய்த சோதனை பயந்த சுபாவமுள்ள 24 லாப்ரடார்களை வைத்து நடந்தது. பத்தில் ஒன்பது நாய்களுக்குப் பதற்றம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் சோதித்தவர்களும் விற்பவர்களும் ஒருவரே. மனிதர்களில், எரிச்சல் குடல் நோய் இருந்த 44 பேருக்கு இதே லாங்கத்தை ஆறு வாரம் கொடுத்து 2017இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு குறைந்தது, பதற்றம் குறையவில்லை. விளம்பரத்தில் இந்தப் பின்பாதி வராது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குடலில் உற்பத்தியாகிறது, அதனால் மனம் அமைதியாகும் என்ற பேச்சையும் அப்படியே விழுங்க வேண்டாம். குடல் செரட்டோனின் ரத்தத்திலிருந்து நேராக மூளைக்குள் போவதில்லை.

இருந்தாலும் என் ஓட்டு பாக்கெட்டுக்குத்தான். இதுவரை சொன்ன ஆராய்ச்சி அதற்குப் பாதிக் காரணம்கூட இல்லை. நான் இருப்பது வேலூரில். எந்த நுண்ணுயிர் சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், எது உயிரோடு நாயின் தட்டு வரைக்கும் வந்து சேரும் என்ற கேள்வி இங்கே நிற்கிறது.

டப்பாவை ஆர்டர் செய்தது மே மாதம். கூரியர்காரர் கையிலிருந்து வாங்கியபோது அட்டைப்பெட்டி, இட்லிப் பானையிலிருந்து இறக்கிய தட்டு போல வெதுவெதுப்பாக இருந்தது. எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்ததோ. இந்தப் பொடிகளில் இருப்பவை உறையவைத்து உலர்த்தித் தூங்க வைத்த நுண்ணுயிர்கள். வித்தாக மாறும் வகைகள் தப்பிக்கும். லாக்டோபாசில்லஸ், பிஃபிடோ போன்றவை வெப்பம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். ஈரம் பட்டால் இன்னும் மோசம்: தூக்கம் கலைந்து எழும், தின்ன எதுவும் இருக்காது, மடியும். டப்பாவை ஒவ்வொரு நாளும் திறக்கிறோம். மழைக்காலத்துக் காற்று உள்ளே போகிறது. ஈரக் கையோடு கரண்டியைப் பிடிக்கிறோம். மூன்றாவது வாரம் எங்கள் டப்பாவின் ஓரத்தில் பொடி கட்டி தட்டி, கரண்டியால் குத்தி உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரவை அப்படி இருந்தால் அம்மா கீழே கொட்டியிருப்பாள்.

அப்போதுதான் லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கோடிக்கணக்கில் எண்ணிக்கை போட்டிருந்தது, கூடவே சிறிய எழுத்தில் 'தயாரிக்கும் நேரத்தில்' என்றும் இருந்தது. காலாவதித் தேதி வரைக்கும் இத்தனை உயிரோடு இருக்கும் என்று சொல்வதும், ஆலையிலிருந்து கிளம்பும்போது இத்தனை இருந்தது என்று சொல்வதும் ஒன்றல்ல. பொடி வாங்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். லேபிளை நம்பலாமா என்பதும் தனிக் கேள்வி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விலங்குகளுக்கென்று விற்கப்படும் 25 புரோபயாட்டிக்குகளை வாங்கிச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். லேபிளும் சரியாக இருந்து, உள்ளே இருப்பதும் அதற்கு ஒத்துப்போனவை இரண்டே இரண்டு. அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கலாம். நம் ஊர்க் கோடையில் மேம்பட்டிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

பாக்கெட்டில் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை. இன்று திறப்பது இன்றைக்கு மட்டும். நாளைக்கான பொட்டலம் காற்றையே பார்த்திருக்காது. அக்காவின் கைப்பையில் விமானத்தில் வந்தது, வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. மின்சாரம் போனாலும் அங்கே சில மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

இவ்வளவு காபந்து செய்தும் கடைசி ஓர் அடியில் கோட்டை விட்டோம். முதல் வாரம் பாதியில், மிளகின் தட்டில் ஆவி பறப்பதைப் பார்த்தேன். அம்மா குக்கரைத் திறந்த சூட்டோடு சாதத்தை எடுத்துப் போட்டு, அதன் மேல் தூளைத் தூவி, விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். "சூடாக இருந்தால்தானே அவள் சாப்பிடுவாள்" என்றாள். கடல் கடந்து வந்த 100 கோடி உயிரும் ஒரு கைப்பிடிப் பொன்னி அரிசிச் சாதத்தில் வெந்துபோயின. அன்றிலிருந்து விதி: சாதம் ஆறி, கை வைத்தால் சூடே தெரியாத பதத்துக்கு வந்த பிறகு மேலே தூவல். ஆன்டிபயாட்டிக் ஏதாவது ஓடினால் அதற்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி.

சரி, பலன் என்ன? 2024 தீபாவளி அக்டோபர் 31. பலன் தெரிய ஆறு வாரம் ஆகும் என்று போட்டிருந்ததால் செப்டம்பர் 12 அன்றே தொடங்கினேன். 42 நாளுக்கு ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் குறித்துக்கொண்டே வந்தேன்: சத்தம் என்ன, ஒளிந்தாளா, எத்தனை நிமிடத்தில் தட்டுக்குத் திரும்பினாள், மலம் எப்படி. முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம் மலம் கெட்டிப்பட்டது. ஐந்தாவது வாரம் சிலிண்டர் டெம்போ வந்தபோது எழுந்தாள், காதை மடக்கினாள், தையல் மிஷின் வரை போனாள், அடியில் நுழையாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்து மிச்சச் சாதத்தை நக்கினாள். அதற்கு முன் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. மேயில் தொடங்கிய டப்பாவின் ஏழு வாரத் தாள்களில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

டப்பா தோற்றது வெயிலாலா, அதில் லாங்கம் இல்லாததாலா, கோடை மழை இடிக்கு நடுவே கொடுத்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு நாய், இரண்டு சுற்று, பார்த்துக்கொண்டிருந்தவன் ஆசையோடு இருந்தவன்.

தீபாவளி இரவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது, எங்கள் தெரு அதைக் குறித்துக்கொள்ளவில்லை. மிளகு தையல் மிஷினுக்கு அடியில்தான் இருந்தாள், எச்சில் ஒழுக, நடுங்கிக்கொண்டு. அந்த இரவை எந்தப் புரோபயாட்டிக்கும் தாங்காது. கால்நடை மருத்துவர் அவள் எடையைப் பார்த்து முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையும், மூடிய ஜன்னலும், முழு வேகத்தில் சுழன்ற மின்விசிறியின் இரைச்சலும்தான் கைகொடுத்தன. உங்கள் நாய் கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்கிறது, ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்க்கிறது என்றால் ஆறு வாரம் பொடியோடு காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். மறுநாள் காலையில் அவள் சாப்பிட்டாள், வயிறும் கெடவில்லை. முந்தைய வருடம் இரண்டு நாள் பட்டினி. ஆனால் மாத்திரையும் இந்த முறைதான் புதிது. யாருக்கு மாலை போடுவது?

நவம்பர் 10 அன்று கடைசிப் பொட்டலம் தீர்ந்தது. இந்த நுண்ணுயிர்கள் குடலில் வீடு கட்டிக் குடியிருப்பவை அல்ல, வந்து போகிறவை. நிறுத்தினால் பலனும் மெல்ல வடிய வாய்ப்புண்டு. டிசம்பர் நடுவில் அவள் மறுபடி மிஷினுக்கு அடியில் நுழைந்ததாக இரண்டு தாள்கள் சொல்கின்றன. அக்கா அடுத்து வரும்போது இன்னும் இரண்டு பெட்டி கேட்டிருக்கிறேன். அதுவரை தயிர்சாதம்.

அடுத்த சுற்றில் சிலிண்டரை வைத்து அளக்க முடியாது. ஜனவரியில் அம்மா டெம்போக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, ஒரு பழைய ஸ்கூட்டர் டயரைக் கொடுத்து, சிலிண்டரை இதன் மேல் இறக்குப்பா, எங்கள் பிள்ளை பயப்படுகிறாள் என்று சொல்லிவிட்டாள். அவனும் மறக்காமல் டயரைப் போட்டுத்தான் இறக்குகிறான். இப்போது 'தொப்' என்றுதான் கேட்கிறது. மிளகு தலையைக்கூடத் தூக்குவதில்லை.